ஸ்டென்ட் கிராஃப்ட் தவறினால் அடுத்து என்ன?

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறவர்களில் பலருக்கு அதனால் பின்னாளில் தொல்லை வருவதில்லை. சிலருக்கு வருகிறது. கசிவு, நழுவல், கிழிசல், அடைப்பு, கிருமித்தொற்று என்று அது பல உருவில் வரும். ஒவ்வொன்றுக்கும் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று வழிகள் உள்ளன. ஆனால், இருக்கிற வழிகளில் எது சுலபமானது என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இன்று செய்யும் பழுதுபார்ப்பு, நாளை தேவைப்படக்கூடிய பழுதுபார்ப்புக்கு இடம் விட்டுவைக்கிறதா, இல்லை அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறதா? கடந்த முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் இந்தக் கேள்வியைத்தான் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இரண்டு விதமான வைத்தியம்

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் அகலம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்துக்குக் கீழே சுவர் நலிந்து, உப்பி, 3 செ.மீ.யை எட்டிவிட்டால் அதை அனியூரிசம் என்கிறார்கள். புகைபிடித்த, அறுபதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்ற அளவை எட்டும்போது மருத்துவர்கள் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். அதற்குமேல் காத்திருந்தால் வெடிக்கும் அபாயம் கூடும். வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு.

1951 மார்ச் 29 அன்று பாரிஸில் சார்ல் துபோ என்ற அறுவை நிபுணர் வீங்கிய பகுதியை வெட்டி நீக்கி, இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியை அங்கே வைத்துத் தைத்தார். பிறகு தமனிக்குப் பதில் டேக்ரான் துணிக் குழாய் வந்தது. வயிற்றைத் திறந்து, வீக்கத்துக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டு, இரு முனைகளிலும் கையால் தைப்பது இந்த வைத்தியம். பெரிய அறுவைதான். ஆனால் தையல் நிலைத்துவிட்டால் அந்த இடத்தைப் பற்றி அநேகமாகக் கவலை இல்லை.

1990 செப்டம்பர் 7 அன்று புவனெஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வேறொரு பாதையில் போனார். ஹூலியோ பால்மாஸ் உருவாக்கிய உலோக ஸ்டென்டையும் டேக்ரான் குழாயையும் இணைத்து, தொடைத் தமனி வழியாக மேலே அனுப்பி, வீக்கத்துக்கு உள்ளேயே விரித்தார். மூன்றாண்டுக்கு முன்பே, 1987இல், உக்ரைனின் ஹார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ் மார்புப் பெருந்தமனியில் இதே யோசனையைச் செய்து காட்டியிருந்தார். அன்றைய சோவியத் எல்லைக்கு அப்பால் அது வெகுகாலம் தெரியவரவில்லை. இன்று 'ஈவார்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிகிச்சையின் தொடக்கம் இதுதான்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் பழுதுகள் புரியும். திறந்த அறுவையில் வீக்கம் திறக்கப்பட்டு, அதில் வாய் வைத்திருக்கும் சிறு தமனிகள் தைத்து மூடப்படுகின்றன. ஈவாரில் வீக்கம் அப்படியே இருக்கிறது. பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ஒன்றைச் செருகி, ரத்தத்தை அதன் வழியே ஓடவிட்டு, வெளிச்சுவரின் மீதான அழுத்தத்தை நீக்குகிறோம். புதுக் குழாயைப் பிடித்து வைத்திருப்பது தையல் அல்ல. ஸ்டென்டின் விரியும் விசையும், சில வகைகளில் சுவரில் குத்திக்கொள்ளும் சிறு கொக்கிகளும்தான். அந்தப் பிடி எந்தச் சுவரை நம்பி நிற்கிறதோ, அந்தச் சுவர் ஏற்கெனவே நோயுற்ற தமனியின் அங்கம்.

எண்கள் சொல்வது

பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை நோயாளிகளைச் சேர்த்த 'ஈவார்-1' ஆய்வு, 1,252 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தது. முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஈவார் பிரிவில் 1.8 சதவீதம்; திறந்த அறுவைப் பிரிவில் 4.3 சதவீதம். ஈவாருக்குத் தெளிவான வெற்றி. பதினைந்தாண்டுக் கணக்கு 2016இல் வெளியானபோது படம் மாறியிருந்தது. எட்டாண்டுக்குப் பிறகு ஈவார் பிரிவில்தான் இறப்பு அதிகம். அதற்கு ஒரு முக்கியக் காரணம், கிராஃப்டுக்கு வெளியே இருந்த பழைய வீக்கம் வெடித்தது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 881 பேரைத் தொடர்ந்த 'ஓவர்' ஆய்வில் நீண்டகால ஆயுளில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுசிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஈவார் பிரிவில் 26.7 சதவீதம், திறந்த அறுவைப் பிரிவில் 19.8 சதவீதம். பின்னதில் வயிற்றுத் தழும்பில் வரும் குடலிறக்கத்துக்கான அறுவையும் சேர்ந்திருக்கிறது. ஈவார் பிரிவின் மறுசிகிச்சைகளில் பெரும்பங்கு கிராஃப்டைச் சுற்றியே நடந்தது.

இவை தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள். அன்றாட நடைமுறையில் நிலைமை எப்படி என்பதற்கு 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சான்று. ஈவார் செய்துகொண்ட 10,228 பேரின் சி.டி. ஸ்கேன் தொகுப்பை ஆராய்ந்ததில், ஐந்தாண்டில் வீக்கம் பெரிதாகியிருக்கும் விகிதம் 41 சதவீதம் என்று கணக்கானது. கிராஃப்டைத் தயாரித்த நிறுவனம் வகுத்த அளவுகளுக்குப் பொருந்தாத தமனிகளில் அதை வைத்தது இதற்கு ஒரு காரணம் என்று அந்த ஆய்வு சுட்டியது. ஆக, பழுதின் விதை பல சமயம் முதல் சிகிச்சையிலேயே விழுந்துவிடுகிறது.

மேல்முனைக் கசிவு

கிராஃப்ட் வைத்த பிறகும் வீக்கப்பைக்குள் ரத்தம் புகுந்தால் அதை எண்டோலீக் என்கிறார்கள். எங்கிருந்து புகுகிறது என்பதைப் பொறுத்து ஐந்து வகை. முதல் வகை, கிராஃப்டின் முனைகளில் பிடி விட்டுக் கசிவது. அதிலும் மேல்முனைக் கசிவைக் கண்டால் மருத்துவர்கள் தாமதிப்பதில்லை. இதயத்திலிருந்து வரும் முழு அழுத்தமும் நேராகப் பைக்குள் இறங்குகிறது, பை வெடிக்கக்கூடும்.

ஏன் பிடி விடுகிறது? சிறுநீரகத் தமனிக்கும் வீக்கத்துக்கும் நடுவே உள்ள நல்ல பகுதியைக் 'கழுத்து' என்கிறார்கள். பெரும்பாலான கிராஃப்டுகளுக்குக் குறைந்தது 10 முதல் 15 மி.மீ. நீளமான, அதிகம் வளையாத கழுத்து வேண்டும். ஆண்டுகள் போகப்போகக் கழுத்தும் விரிகிறது. விரிந்த கழுத்தில் கிராஃப்ட் தளர்ந்து, ரத்த ஓட்டத்தின் உந்தலில் மெல்லக் கீழே நழுவுகிறது.

கையில் உள்ள வழிகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தலாம். பலூனை விரித்துக் கிராஃப்டைச் சுவரோடு அழுத்துவது முதல் முயற்சி. அடுத்தது, கிராஃப்டின் வாயில் பெரிய பால்மாஸ் ஸ்டென்ட் ஒன்றை விரித்து இறுக்குவது. கிராஃப்ட் நழுவியிருந்து, மேலே இன்னும் நல்ல சுவர் மிச்சமிருந்தால், 'கஃப்' எனப்படும் குட்டைத் துண்டை மேலே சேர்த்து நீட்டலாம். நான்காவதாக, 'எண்டோஆங்கர்' என்ற திருகாணி. 4.5 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் கொண்ட சுருள் கம்பி அது. தொடை வழியாகப் போகும் மோட்டார் பொருத்திய கருவி அதைத் திருகி, கிராஃப்ட் துணியையும் தமனிச் சுவரையும் துளைத்துச் சேர்த்துப் பிடிக்கவைக்கிறது. கழுத்தைச் சுற்றிலும் இப்படிப் பல திருகாணிகள். வெளியிலிருந்து கையால் போடும் தையலின் வேலையை உள்ளிருந்தே செய்யும் முயற்சி என்று சொல்லலாம். ஆனால் கழுத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, உறைந்த ரத்தம் படலமாக ஒட்டியிருந்தாலோ, துணிக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி விழுந்திருந்தாலோ திருகாணிக்குப் பிடிமானம் கிடைக்காது.

இவை எல்லாமே பழைய கழுத்தையே மீண்டும் நம்புகின்றன. கழுத்தே கெட்டுவிட்டால் மேலே, சிறுநீரகத் தமனிகளும் குடல் தமனிகளும் பிரியும் இடத்துக்குப் போயாக வேண்டும். அங்கே துணியால் மூடினால் சிறுநீரகம் செத்துப்போகும். இதற்கு இரண்டு விடை. ஒன்று 'சிம்னி' முறை. புதுக் கிராஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே சிறு ஸ்டென்டுகளை மேல்நோக்கி நிறுத்தி, அவற்றின் வழியே சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவைப்பது. மருத்துவமனை அலமாரியில் இருக்கும் பொருள்களை வைத்தே செய்துவிடலாம் என்பதால் அவசரத்துக்குக் கை கொடுக்கும். வட்டக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இடையில் விழும் சந்துகளில் மறுபடி கசிவது இதன் குறை.

மற்றொன்று, துளையிட்ட கிராஃப்ட். நோயாளியின் சி.டி. ஸ்கேனை அளந்து, அவருடைய கிளைத் தமனிகள் எங்கெங்கே பிரிகின்றனவோ அங்கே துணியில் துளைகள் வைத்துத் தனியாகத் தயாரிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மைக்கேல் லாரன்ஸ்-பிரவுன், டேவிட் ஹார்ட்லி குழுவினர் 1990களின் இறுதியில் இதற்கு வடிவம் கொடுத்ததில் முன்னணியில் இருந்தார்கள். அமெரிக்காவில் அனுமதி 2012இல் கிடைத்தது. தயாராகி வரச் சில வாரங்களாவது பிடிக்கும். விலையும் மிக அதிகம்.

கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி இந்த இடத்தில் உறைக்கும். வயிற்றுக் கிராஃப்ட், கால்சட்டையைப்போல மேலே ஒற்றைக் குழாயாகவும் கீழே இரண்டு கால்களாகவும் இருக்கும். துளையிட்ட கிராஃப்டைப் பழைய கிராஃப்டின் உள்ளே வைக்க வேண்டுமானால், சிறுநீரகத் தமனிக்கும் அந்தக் கால்கள் பிரியும் இடத்துக்கும் நடுவே போதிய நீளம் வேண்டும். பழைய கிராஃப்டின் உடல் குட்டையாக இருந்தால் புதியது அதற்குள் அடங்காது. முதல் கிராஃப்டின் மேல்நுனியில் சிறுநீரகத் தமனியின் வாயைக் கடந்து நிற்கும் வெற்று ஸ்டென்ட் கம்பிகள் இருந்தால், அவற்றின் சந்து வழியே கம்பியை நுழைத்து ஒவ்வொரு கிளையையும் பிடிப்பது நிபுணருக்கே பெரும்பாடு. முதலில் சேர்த்த கஃப்பும் பால்மாஸ் ஸ்டென்டும் அந்த நெரிசலை இன்னும் கூட்டும். எனவே கழுத்து விரிந்துகொண்டே போகிறது என்று தெரிந்தவருக்கு, அரைமணி நேரத்தில் கஃப் வைத்து அனுப்பிவிடுவது உண்மையில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

கீழ்முனை, மூட்டு, துணி

கீழே, இடுப்புத் தமனியில் வரும் முதல் வகைக் கசிவுக்கு வைத்தியம் ஒப்பீட்டளவில் எளிது. கிராஃப்டின் காலை இன்னும் கீழே நீட்டினால் போதும். நீட்டும்போது இடுப்புக்குள் போகும் உள் இலியாக் தமனி அடைபட்டால் நடக்கையில் புட்டத்தில் வலி வரும். ஆண்களுக்குப் பாலுறவுத் திறன் குறையலாம். ஆகவே அதற்குத் தனிக் கிளை வைத்த கிராஃப்டுகள் வந்திருக்கின்றன. குறைந்தது ஒரு பக்கமாவது அந்தத் தமனியைக் காப்பாற்றுவது இன்று பொதுவான நெறி.

மூன்றாம் வகை, கிராஃப்டின் துண்டுகள் மூட்டில் கழன்றுகொள்வது அல்லது துணியே கிழிவது. இதுவும் அழுத்தம் முழுதாக இறங்கும் அவசர நிலைதான். பழைய கிராஃப்டுக்குள் இன்னொன்றை விரித்து மறு உறை போடுவது வழக்கமான தீர்வு. இரண்டு காலுக்கும் இடமில்லாத நிலையில், ஒரு காலுக்கு மட்டும் குழாயை இறக்கி, மறு பக்கத்தை அடைத்துவிட்டு, ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்குத் தோலடியில் பைபாஸ் போட்டு ரத்தம் அனுப்புவார்கள்.

இந்த வகைப் பழுதில் நோயாளியின் உடலைவிடப் பொருளின் தரமே கேள்விக்குள்ளாகிறது. எண்டோலாஜிக்ஸ் நிறுவனத்தின் ஏ.எஃப்.எக்ஸ். கிராஃப்டில், 'ஸ்ட்ராட்டா' என்ற துணி பயன்படுத்திய பழைய வகையில் மூன்றாம் வகைக் கசிவு அதிகம் வந்ததால், 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மிகக் கடுமையான முதல் நிலைத் திரும்பப்பெறுதலாக வகைப்படுத்தியது. உடலுக்குள் இருப்பதை யாரும் திரும்பப் பெற முடியாது. வைத்துக்கொண்டவர்களைத் தேடிப்பிடித்து ஆயுள் முழுக்க ஸ்கேன் செய்வதுதான் அந்த அறிவிப்பின் நடைமுறைப் பொருள்.

இதற்கு முந்தைய கதையும் உண்டு. அமெரிக்காவில் முதன்முதலாக 1999இல் அனுமதி பெற்ற இரண்டு கிராஃப்டுகளில் ஒன்று 'ஆன்கியூர்'. அதைத் தயாரித்த கைடன்ட் நிறுவனத்தின் துணை நிறுவனம், ஆயிரக்கணக்கான கோளாறுகளை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாக 2003இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 9.24 கோடி டாலர் கட்டியது. எந்த நிறுவனத்தின் எந்த மாடல் தன் உடலில் இருக்கிறது என்பதை நோயாளி எழுதி வைத்திருப்பது ஏன் அவசியம் என்பதற்கு இவ்விரண்டு சம்பவங்களும் போதும்.

சர்ச்சைக்குரிய இரண்டாம் வகை

எண்டோலீக்குகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இரண்டாம் வகை. வீக்கப்பையிலிருந்து முதுகுத் தசைகளுக்குப் போகும் லம்பார் தமனிகளும், பெருங்குடலுக்குப் போகும் கீழ்க் குடல் தமனியும் கிராஃப்ட் வந்ததும் வேர் அறுந்து நிற்கின்றன. மறுமுனையில் அவை வேறு தமனிகளோடு இணைந்திருப்பதால் ரத்தம் எதிர்த்திசையில் ஓடிவந்து பைக்குள் புகுகிறது. அழுத்தம் குறைவு. பாதிக்கும் மேற்பட்டவை சில மாதங்களில் தாமே மூடிக்கொள்கின்றன. இதனால் மட்டும் பை வெடிப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ஆகவே கசிவு தெரிந்ததுமே பதறிச் சிகிச்சைக்கு ஓடும் வழக்கம் மாறிவிட்டது. பை பெரிதாகிறதா என்று பார்ப்பதே அளவுகோல். எவ்வளவு பெரிதானால் தலையிடுவது என்பதில் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகள் ஒத்துப்போவதில்லை. ஐரோப்பியர்கள் 10 மி.மீ. வளரும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள்.

தலையிடும்போது நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மெல்லிய நுண்குழாயைத் தொடை அல்லது கைத் தமனி வழியாகச் செலுத்தி, மேல் குடல் தமனிக்குள் நுழைந்து, பெருங்குடலின் ஓரமாக வளைந்து வளைந்து போகும் இணைப்புத் தமனியைச் சுற்றி, பின்பக்கமாகக் கீழ்க் குடல் தமனியை அடைந்து, அதன் வழியே பைக்குள் வர வேண்டும். வழி கிடைக்காவிட்டால் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகிலிருந்து ஊசியை நேராகப் பைக்குள் இறக்குவார்கள். உள்ளே போனதும் உலோகச் சுருள்களையோ, பசையையோ, 'ஆனிக்ஸ்' என்ற திரவத்தையோ செலுத்தி அடைக்கிறார்கள். ஆனிக்ஸைக் கரைக்கப் பயன்படும் கரைப்பான் நுரையீரல் வழியே வெளியேறுவதால், ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை வீசும். புகும் தமனியை மட்டும் அடைத்தால் வேறொன்று திறந்துகொள்ளும். பைக்குள் ரத்தம் சுழலும் அந்தக் குகையையே நிரப்பினால்தான் பலன். நிரப்பும் திரவம் தவறிப் பின்னோக்கி ஓடினால் பெருங்குடலுக்கோ தண்டுவடத்துக்கோ போகும் ரத்தம் தடைபடும் என்பதால் கை நிதானம் வேண்டும்.

அடைத்தும் பை வளர்ந்தால்? பல சமயம் அது இரண்டாம் வகையே அல்ல. அதன் பின்னால் முதல் அல்லது மூன்றாம் வகை ஒளிந்திருக்கும். இங்கே ஒரு சிக்கல். ஆனிக்ஸில் கலந்த டான்டலம் என்ற உலோகத்தூளும் உலோகச் சுருள்களும் சி.டி. ஸ்கேனில் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி, கிராஃப்டின் முனைகளை மறைக்கும். ஒன்றுக்கு மூன்று முறை அடைத்தவரின் ஸ்கேனில் உண்மைக் கசிவைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். சிகிச்சை அடுத்த சிகிச்சையின் வழியை மட்டுமல்ல, அடுத்த நோயறிதலின் கண்ணையும் மறைக்கலாம்.

நான்காம் வகை, துணியின் நுண்துளை வழியே முதல் நாட்களில் ஊறும் கசிவு. இன்றைய துணிகளில் அரிது, தானே நின்றுவிடும். ஐந்தாம் வகையில் கசிவே தெரியாது, ஆனாலும் பை வளரும். அப்படிப்பட்டவர்களிடம் மறைந்த கசிவைத் தேடித்தேடி ஓயும்போது மறு உறையோ, திறந்த அறுவையோதான் மிச்சம்.

பையை நிரப்பிவிட்டால் கசிவே இருக்காதே என்று நினைத்து உருவானது 'நெல்லிக்ஸ்'. இரண்டு ஸ்டென்டுகளைச் சுற்றிப் பலூன் பைகள். அவற்றில் உறையும் பாலிமரை நிரப்பி, வீக்கத்தின் குழி முழுவதையும் அடைத்துவிடும் திட்டம். ஐரோப்பாவில் 2013இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அது கீழே சரிவதும், வீக்கம் மீண்டும் வளர்வதும் தெரியவந்தன. 2019இல் விற்பனை நின்றுபோனது. உள்ளே கட்டியாக உறைந்த பாலிமர் இருப்பதால் வழக்கமான மறு உறைகளுக்கு அங்கே இடம் குறைவு. பலருக்கு வயிற்றைத் திறந்து வெளியே எடுப்பதே வழியாயிற்று. சுவரில் குத்தும் கொக்கிகள் இல்லாத காரணத்தால் எடுப்பது எதிர்பார்த்ததைவிட எளிது என்று அறுவை நிபுணர்கள் கண்டது, இந்தக் கதையில் கிடைத்த சிறு ஆறுதல்.

வயிற்றைத் திறக்க வேண்டியபோது

உள்வழிச் சிகிச்சைகள் பயனற்றுப்போனால் கிராஃப்டை எடுத்துவிட்டு, துபோ காலத்து வழியில் தைப்பதுதான் முடிவான தீர்வு. முதல் முறையே திறந்த அறுவை செய்வதைவிட இது கடினம். கிளாம்ப் போடும் இடம் வழக்கமான கழுத்தில் இல்லை. அங்கே ஸ்டென்ட் இருக்கிறது. சிறுநீரகத் தமனிக்கு மேலே, சில சமயம் குடல் தமனிகளுக்கும் மேலே கிளாம்ப் போட வேண்டும். அந்த நேரம் முழுதும் சிறுநீரகம் ரத்தமின்றி இருக்கும். அரைமணி நேரத்துக்குள் மேல் தையலை முடித்துக் கிளாம்பைக் கீழே இறக்குவதே நோக்கம். நீளும் என்று தெரிந்தால் குளிர்ந்த திரவத்தைச் சிறுநீரகத் தமனிக்குள் பாய்ச்சுகிறார்கள்.

கொக்கிகள் வேறு. ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் குத்தி ஊறிப்போன ஸ்டென்டைப் பிடித்து இழுத்தால் பெருந்தமனியும் சேர்ந்து கிழியும். இதற்கு அறுவை அரங்கில் பழகிய உபாயம் ஒன்று உண்டு. 20 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் குழலைக் கிராஃப்டின் மீது செருகி மேலே தள்ளுவார்கள். குழலின் விளிம்பு ஸ்டென்டை அமுக்கிச் சுருக்க, கொக்கிகள் உள்வாங்கிச் சுவரை விட்டு விலகும். பல லட்ச ரூபாய்க் கருவியை வெளியே எடுக்க உதவுவது சில ரூபாய்ச் சிரிஞ்ச். அதுவும் முடியாவிட்டால் ஸ்டென்டின் மேல்பகுதியைக் கம்பி வெட்டியால் நறுக்கி அங்கேயே விட்டுவிட்டு, புது டேக்ரான் குழாயைப் பழைய துணியோடும் சுவரோடும் சேர்த்துத் தைப்பதும் உண்டு.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. விடாப்பிடியான இரண்டாம் வகைக் கசிவில், கிளாம்பே போடாமல் பையைத் திறந்து, ரத்தம் பீறிடும் லம்பார் வாய்களை உள்ளிருந்து தைத்து, கிராஃப்டை அப்படியே விட்டுப் பையை இறுக்கி மூடலாம். கழுத்தை வெளியிலிருந்து துணிப்பட்டையால் சுற்றிக் கட்டுவதும் இதோடு சேரும். வயதானவர்களுக்கு இந்த நடுவழி உடலைக் குறைவாக வருத்தும்.

அனுபவமுள்ள மையத்தில், திட்டமிட்டு, நல்ல உடல்நிலையில் செய்யும்போது பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். பை வெடித்த பிறகு அவசரமாகச் செய்யும்போது இறப்பு பல மடங்கு கூடுகிறது. கஃப், சுருள், பசை என்று ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு, எண்பதைத் தாண்டி இதயமும் நுரையீரலும் தளர்ந்த பிறகு கடைசி வழியாகத் திறந்த அறுவைக்கு வருவதைவிட, எழுபதிலேயே ஒரே முறை வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லத்தக்க நோயாளிகள் இருக்கிறார்கள்.

கிருமித்தொற்று தனி இனம். அரிதுதான், ஆனால் மிகக் கொடியது. பெருந்தமனியின் மேல் படிந்திருக்கும் முன்சிறுகுடல் அரித்து, குடலுக்கும் கிராஃப்டுக்கும் நடுவே துளை விழலாம். முதலில் சிறிதாக ரத்த வாந்தியோ கருப்பு மலமோ போய் நின்றுவிடும். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பெரும் ரத்தப்போக்கு வரும். அந்தச் சிறு அறிகுறியை வயிற்றுப்புண் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. தொற்றிய துணியை முழுவதும் எடுத்தாக வேண்டும். அதன் இடத்தில் நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த ஆழ்நாளத்தையோ, உறையவைத்துப் பாதுகாத்த கொடைத் தமனியையோ, மாட்டின் இதய உறையில் சுருட்டித் தைத்த குழாயையோ, ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் ஊறவைத்த டேக்ரானையோ வைக்கிறார்கள். இல்லையென்றால் பெருந்தமனியை அங்கே மூடிவிட்டு, தோளிலிருந்து தோலடியாக இரு தொடைக்கும் பைபாஸ் இறக்குவார்கள். அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆன்டிபயாட்டிக் மட்டும்.

கிராஃப்டின் கால் அடைபட்டால் கால் திடீரென்று சில்லிட்டு வலிக்கும். மணி நேரங்களுக்குள் உறைகட்டியை எடுத்து, மடிந்த இடத்தில் ஸ்டென்ட் வைப்பார்கள். இல்லையேல் தொடைக்குத் தொடை பைபாஸ். இது ஆளைக் கொல்வதைவிடக் காலைப் பறிக்கும் பழுது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வு

1948 டிசம்பரில் புரூக்ளினில் அறுவை நிபுணர் ருடால்ஃப் நிஸ்ஸன், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைச் செல்லோஃபேன் தாளால் சுற்றினார். வெட்டி மாற்றும் வித்தை அன்று இல்லை. ஆறாண்டுக்கு மேல் அந்தத் தாள் காப்பு தாங்கியது. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது துபோவின் அறுவை வந்து நான்காண்டு ஆகியிருந்தது. மருத்துவர்கள் அறுவையை முன்வைத்தார்கள்; 76 வயதான ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அன்று காலமானார்.

இன்றைய நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு. அதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. திறந்த அறுவையைத் தாங்காத அளவு உடல் நலிந்தவர்களிடம் ஈவாரையும் சும்மா இருப்பதையும் ஒப்பிட்ட 'ஈவார்-2' ஆய்வில், ஈவார் ஒட்டுமொத்த ஆயுளை நீட்டவில்லை. அவர்கள் வேறு நோய்களால் இறந்துகொண்டிருந்தார்கள். கசியும் கிராஃப்டைச் சரிசெய்யும் முடிவுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். பை வெடிக்கும் அபாயத்தைச் சிகிச்சையின் அபாயத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. எஞ்சியிருக்கும் ஆயுளோடும் ஒப்பிட வேண்டும்.

முதல் நாளிலேயே தொடங்கும் மறுசிகிச்சை

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, திறந்த அறுவையைத் தாங்கக்கூடிய, வீக்கம் வெடிக்காத நோயாளிகளுக்குத் திறந்த அறுவையையே முதலில் முன்வைக்கச் சொன்னது. உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பல நாடுகளில் ஈவார்தான் முதல் தேர்வு. பழைய ஆய்வுகளில் பயன்பட்ட கிராஃப்டுகள் இன்று மேம்பட்டுவிட்டன என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நெல்லிக்ஸும் 'மேம்பட்ட' கருவியாகத்தான் வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஈவார் செய்துகொண்டவர் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். முதல் மாதத்தில் ஒரு சி.டி., பெரும்பாலும் ஓராண்டில் இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்ட் என்பது பரவலான நடைமுறை. பை சுருங்கியவருக்கு எதிர்காலம் நல்லது. சுருங்காமல் அப்படியே நின்றாலும் விழிப்பு வேண்டும். நான்கைந்து ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்றதும் வருகையை நிறுத்திவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஈவார்-1 ஆய்வு காட்டிய ஆபத்து எட்டாண்டுக்குப் பிறகுதான் தலைதூக்கியது.

எனவே முதல் கிராஃப்டுக்குக் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டியவை உண்டு. என் கழுத்தின் நீளமும் வளைவும் இந்த மாடலுக்கு வகுத்த அளவுக்குள் வருகின்றனவா? வராவிட்டால் ஏன் இதையே தேர்ந்தெடுக்கிறீர்கள்? பத்தாண்டில் இது தவறினால் உள்வழியாகச் சரிசெய்ய இடம் விட்டு வைக்கிறீர்களா? அந்த வேலையும், தேவைப்பட்டால் கிராஃப்டை வெளியே எடுக்கும் அறுவையும் இந்த மருத்துவமனையில் நடக்குமா, யாரிடம் அனுப்புவீர்கள்? பழுது வந்த பிறகானால் கேள்வி இன்னும் சுருக்கம்: இந்தச் சிகிச்சையும் பலிக்காவிட்டால் அதன் பின் எனக்கு எந்த வழி மிச்சமிருக்கும்? இதற்கு நேரான பதில் தரக்கூடிய மருத்துவக் குழுவிடம் இரண்டாவது கருத்துக் கேட்கச் சில வாரம் செலவானாலும், பை வெடிக்கும் நிலையில் இல்லாதவருக்கு அந்தச் செலவு வீணல்ல. அறுபத்தைந்து வயதுக்காரருக்குப் பொருந்தும் விடை எண்பத்தைந்து வயதுக்காரருக்குப் பொருந்தாது. முன்னவருக்கு இன்னும் இருபதாண்டு தாங்கும் தீர்வு வேண்டும், அதற்காகப் பெரிய அறுவையின் வலியைத் தாங்குவது நியாயம். பின்னவருக்கு ஐந்தாண்டு ஓட்டும் ஒட்டுவேலையே சரியான வைத்தியமாக இருக்கலாம்.